பகையெண்டு எழுதாதேங்கோ

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பாடசாலை மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை, நீதிமன்றத்துக்குப் போகுமுன் பேசித் தீர்த்துவைக்கும் இணக்கசபை கூடும் நேரம். (சட்டத்தில் மத்தியஸ்த சபை என்றும் இருக்கிறது, ஊரில் இணக்கசபை என்றால்தான் விளங்கும்.) வேலி தொடர்பான முறைப்பாடு ஒன்றை ஒருவர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். கதியால் (வேலிக்கு நடும் உயிர்க்கம்பு) மாற்றிப் போட்டதில் ஒரு முழம் தள்ளி வந்துவிட்டது, வாய்க்கால் அடைபட்டுவிட்டது, முருங்கை அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. எழுதியவர் கடைசியில், "இருவருக்குமிடையில் நீண்டகாலமாகப் பகை நிலவுவதால்" என்று முடித்து வாசித்துக் காட்டுகிறார். முறைப்பாட்டுக்கார அம்மா கையை நீட்டிப் பேனையைத் தடுக்கிறார். "பகையெண்டு எழுதாதேங்கோ ஐயா. அவள் என்ர சின்னம்மான்ர மகள். பிணக்கெண்டு எழுதுங்கோ." எழுதியவர் சிரிக்கிறார்: "ரெண்டும் ஒண்டுதானே அம்மா." "ஒண்டில்லை" என்கிறார் அம்மா. அதற்கு மேல் விளக்கம் எதுவும் இல்லை.

ஒன்றில்லை என்பது பேசுகிற எல்லோருக்கும் தெரியும். எங்கே வேறுபடுகிறது என்று கேட்டால்தான் நாக்குத் தடுமாறும். பகை பெரிது, பிணக்குச் சிறிது என்று அளவைச் சொல்லித் தப்பப் பார்ப்போம். ஆனால் இருபத்தைந்து வருடம் இழுபட்டு, மூன்று நீதிமன்றம் ஏறி இறங்கிய காணி விவகாரத்தையும் பத்திரிகை "காணிப் பிணக்கு" என்றுதான் போடுகிறது. அதைப் பார்த்து ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. ஆகவே அளவு காரணமில்லை.

வன்னிப் பேச்சில் இரண்டு பேருக்குள் ஒத்துவராமல் போவதற்கு உள்ள சொற்களை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். தனகல் என்பது சீண்டல். பள்ளிக்கூடப் பெடியள் தனகுவார்கள், மச்சானும் மச்சாளும் தனகுவார்கள், பின்னேரத்துக்குள் மறந்துவிடும். கொழுவல் என்றால் வாய்த்தர்க்கம், சிலவேளை கைகலப்பு வரை போகும். கோபம் என்பது இங்கே உணர்ச்சியை மட்டும் குறிக்கும் சொல் இல்லை, ஒரு நிலைமை: "நாங்கள் அவையோட கோபம்" என்றால் கதை பேச்சு இல்லை, நல்லது கெட்டதுக்குப் போய்வரவு இல்லை என்று பொருள். கோபக்காரர் முகம் சிவந்து நிற்கவேண்டியதில்லை. பத்து வருடம் மிக அமைதியாகக் கோபமாக இருக்கலாம். முறுகல் பெரும்பாலும் செய்திக்காரர்களின் சொல். பகை கடைசி. பகைக்கு உறவு தேவையில்லை, முகத்தைக் கண்டிருக்கவேண்டும் என்றுகூட இல்லை. பிணக்கு இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று தேடினால் ஒரு படியிலும் நிற்காது. தனகலும் பிணக்காகலாம், கோபமும் பிணக்கிலிருந்து வரலாம். அது சண்டையின் சூட்டை அளக்கும் சொல்லாக இல்லை.

இதில் இன்னொரு விசித்திரம். கொழுவுதல் என்றால் கொக்கியில் மாட்டுதல். சட்டையை ஆணியில் கொழுவுகிறோம், உழவு இயந்திரத்துக்குப் பெட்டி கொழுவுகிறோம். முறுகுதல் என்றால் கயிறு திருகி இறுகுதல். சிக்கல் நூலில் விழுவது. ஒத்துவராமையைச் சொல்லப் போனால் தமிழ் ஏன் திரும்பத் திரும்பக் கயிற்றுக்கும் கொக்கிக்கும் போகிறது? பிரிவைச் சொல்ல வெட்டு, பிளவு, விரிசல் என்று வேறு சொற்கள் இருக்கின்றன. கொழுவலும் முறுகலும் சிக்கலும் அந்தக் குடும்பத்தில் சேராதவை.

வழங்கு, வழக்கு, பிணங்கு, பிணக்கு

சொல்லின் கட்டுமானம் எளிது. வழங்கு என்ற வினை வழக்கு ஆவதுபோல் பிணங்கு என்ற வினை பிணக்கு ஆகிறது. நடுவில் உள்ள மெல்லினம் வல்லினமாக இறுகுகிறது. வணக்கம், முழக்கம், கலக்கம், விளக்கம் எல்லாம் இதே பட்டறையில் செய்தவை. வழக்கு என்ற சொல்லுக்கே ஊரின் பழக்கம் என்றும் நீதிமன்ற விவகாரம் என்றும் இரண்டு முகம் இருப்பதையும் கவனிக்கவேண்டும். பிணக்கு முற்றினால் வழக்கு என்பது சும்மா எதுகைக்காக வந்து விழுந்ததாகத் தெரியவில்லை. இன்னொன்று, இணங்கு என்பதற்கு முன்னால் ஒரே ஒரு மெய் சேர்ந்தால் பிணங்கு. காதில் இணக்கமும் பிணக்கமும் இரட்டைப் பிள்ளைகள்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் பிணங்குதலுக்கு மாறுபடுதல், ஊடுதல் என்ற பொருள்களோடு பின்னுதல் என்ற பொருளும் இருக்கிறது. ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதும் பிணங்குவதுதான். பிணை, பிணைப்பு, பிணையல், கட்டு என்ற பொருளில் வரும் பிணி எல்லாம் இதன் சொந்தக்காரர். நீதிமன்றத்தில் ஆளைப் பிணையில் எடுக்கிறோம். அதுவும் கட்டுத்தான், இன்னொருவர் தன்னைச் சேர்த்துக் கட்டிக்கொள்கிறார். உழவு இயந்திரம் வருமுன் சூடு மிதிக்க மாடுகளை வரிசையாகப் பிணைத்து விடுவார்கள். ஒரு மாடு முரண்டு பிடித்தால் மற்றதின் கழுத்தும் இழுபடும். தனியே மேய்கிற மாட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

புறநானூற்றின் 338ஆம் பாட்டில் "பிணங்கு கதிர்க் கழனி" என்று ஒரு தொடர் வருகிறது. அந்த வயலின் நடுவே, கடலில் உலர்ந்து நிற்கும் மரக்கலம் போல ஓர் ஊர்க்கோட்டை தெரிவதாகப் பாட்டு. கதிர்கள் அங்கே சண்டை பிடிக்கவில்லை. விளைச்சல் கனத்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து பின்னிக் கிடக்கின்றன. செழிப்பைச் சொல்லப் போட்ட சொல். அந்தச் சொல்லைத்தான் நாங்கள் இன்று முறைப்பாட்டுப் படிவத்தில் எழுதுகிறோம்.

இதைப் புத்தகத்தில் வாசிப்பதைவிடத் தை மாதத்தில் முல்லைத்தீவு வயல்களில் பார்ப்பது விளக்கமாக இருக்கும்.

விழுந்த நெல்

காலபோகம் ஐப்பசி மழையோடு விதைத்து, தை கடைசியிலிருந்து மாசிக்குள் வெட்டுவது. கதிர் முற்றித் தலை கவிழ்ந்து நிற்கும் அந்தக் கிழமைகளில் ஒரு பிந்திய மழையும் கொஞ்சம் காற்றும் போதும், விடிய எழும்பிப் பார்த்தால் நெல் படுத்திருக்கும். எல்லா வயலும் படுக்காது. படுக்கிற வயலுக்குக் காரணம் உண்டு. ஏக்கருக்கு 2 புசல் விதை என்பது சிபாரிசு; ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. முளைக்காமல் போய்விடும் என்ற பயத்தில் மூன்று, மூன்றரை எறிந்தால் பயிர் நெருங்கி, வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு நெடுத்து, தண்டு மெலிந்துவிடும். அதன்மேல் யூரியாவும் கூடினால் இலை கறுத்துக் கொழுத்து நிற்கும், அடித்தண்டில் பலமிருக்காது. பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய உயர இனங்களுக்கு இயல்பிலேயே இந்தச் சாய்வு உண்டு. குட்டை இனங்கள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஐதாக விதைத்த வயலில் ஒரு பயிர் சாய்ந்தால் அது மட்டும் சாயும். நெருங்கி விதைத்த வயலில் ஒன்று அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும்.

படுத்த வயலுக்குள் குனிந்து பார்த்தால் பிணங்குதல் என்றால் என்னவென்று தெரியும். ஒரு கதிரைப் பிடித்து இழுத்தால் அது வராது, சுற்றியுள்ள பத்துக் கதிர் அசையும். தாளின் மேலே தாள், அதன்மேல் இன்னொரு பக்கம் சாய்ந்த தாள், நடுவில் ஈரம். இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டால் அடியில் கிடக்கும் கதிர் முளைவிடத் தொடங்கும். வெட்டு மெசின்காரர் இந்த வயலுக்கு நேரே இறங்கமாட்டார். முதலில் வரம்பில் ஒரு சுற்று நடந்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். சாய்ந்த திசையோடு சேர்ந்து ஓடினால் வெட்டுக்கத்தி தாளின் மேலால் வழுக்கிப்போய்க் கதிரை நிலத்தில் விட்டுவிடும். கதிர் கிடக்கிற பக்கத்திலிருந்து, சாய்வுக்கு எதிராகவோ குறுக்காகவோ போகவேண்டும். முன்னால் சுழலும் உருளையைப் பதித்து முன்னுக்குத் தள்ளி, கதிரைத் தூக்கிக் கொடுத்த பிறகே கத்தி படவேண்டும். வேகம் பாதியாகும். ஒரே திசையில் வெட்டிவிட்டு வெறுமையாகத் திரும்பி வந்து மறுபடி தொடங்கவேண்டும். அவசரப்பட்டுப் பதித்து ஓட்டினால் தாளும் சேறும் சேர்ந்து உள்ளே போய் மெசின் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் விழுந்த நெல்லுக்குக் கூலியும் கூட, நேரமும் கூட, சிந்துவதும் கூட.

"ஆர் முதல் விழுந்தது?" என்று கேட்டு இந்த வயலை வெட்டமுடியாது. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எங்கிருந்து எடுத்தால் கழன்று வரும் என்பதுதான் கேள்வி. அந்த அம்மாவின் "ஒண்டில்லை" எனக்கு இங்கேதான் பிடிபடுகிறது. பகையில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். பிணக்கில் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் கிடக்கிறார்கள். சின்னம்மா ஒருத்தி, வேலி ஒன்று, வாய்க்கால் ஒன்று, கோயில் ஒன்று. ஒருவர் எழும்பினால் மற்றவருக்கு நோகும்.

ஒரு காணி, நாலு நூல்

வன்னியின் காணி விவகாரங்களுக்கு இந்தச் சொல் சரியாகப் பொருந்துவதற்குக் காரணம், அங்கே காகிதங்களே பின்னிக் கிடப்பது. வட்டக்கச்சி, இராமநாதபுரம், விசுவமடு, முத்தையன்கட்டு என்று குடியேற்றத் திட்டங்களால் உண்டான ஊர்கள் பல. அங்கே காணி பெரும்பாலும் அரச காணி. கையில் இருப்பது காணி உறுதி (சொத்துப் பத்திரம்) இல்லை, 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த பெர்மிற் (அனுமதிப் பத்திரம்) அல்லது பிறகு வந்த அளிப்புப் பத்திரம். பெர்மிற்காரர் பின்னுரித்தாளி, அதாவது தனக்குப் பிறகு காணியைப் பெறுகிறவர், ஒருவரின் பெயரைப் பதியவேண்டும். பதியாமல் கண்மூடினால் சட்டத்தின் அட்டவணைப்படி போகும். அந்த அட்டவணை ஆண்பிள்ளைகளை முன்னுக்கு வைத்திருந்தது, 2022இல்தான் திருத்தினார்கள். தகப்பன் இருக்கும்போதே மூன்று பிள்ளைகள் அதே காணிக்குள் மூன்று வீடு போட்டிருப்பார்கள், பெர்மிற் ஒருவருக்குத்தான் வரும். இது முதல் நூல்.

அனுமதி இல்லாமல் விற்கமுடியாத காணி என்பதால் கைமாறினது சத்தியக் கடதாசியிலோ வெறும் வெள்ளைத்தாளிலோ இருக்கும். வாங்கியவர் காசு கொடுத்தது உண்மை, பிரதேச செயலகப் பதிவில் பெயர் மாறாததும் உண்மை. இது இரண்டாவது. மூன்றாவது இடப்பெயர்வு. 1995 கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்குச் சொந்தக்காரர் "இருந்து செய்யுங்கோ" என்று விட்ட காணி. இயக்கக் காலத்தில் (புலிகளின் காலத்தில்) கொடுத்த காணி. 2009க்குப் பிறகு மீளக் குடியேறும்போது எல்லை தெரியாமல் துப்பரவாக்கிய காணி. காகிதத்தைச் சொப்பிங் பையில் சுற்றிப் புதைத்துவிட்டு வந்து தோண்டினால் மண்தான் இருந்தது என்பது ஒருவர் இருவரின் கதை இல்லை. நாலாவதுதான் வேலி. கிளுவை, பூவரசு, கிளிசறியாக் கதியால்கள் ஒவ்வொரு முறை மாற்றிப் போடும்போதும் பழைய குழிக்குப் பக்கத்தில்தான் புதுக்குழி விழும். பட்ட கதியாலின் வேர் பழைய குழியில் இருப்பதால் அப்படி நடக்கிறது. எல்லா வேலியும் களவாக நகர்வதில்லை. ஆனால் நாலு முறை மாற்றினால் ஒரு முழம் என்பது கணக்கு.

இந்த நாலையும் ஒன்றாகப் பிடித்து இழுப்பதுதான் வழமையாக நடக்கும் பிழை. கைகலப்பு வரும்போலத் தெரிந்தால் பொலிஸ் 1979ஆம் ஆண்டு ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் போடும். "அறுபத்தாறில போட்டிருக்கு" என்பது வன்னியில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த வசனம். அந்த வழக்கு காணி யாருடையது என்று சொல்லாது. முறைப்பாடு தாக்கலான நாளில் காணி யாருடைய ஆட்சியில், அதாவது யாருடைய கைவசத்தில், இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாரையாவது பலவந்தமாக வெளியேற்றினார்களா, அவ்வளவுதான் பார்க்கும். அதில் வென்றவர் காணியே தனக்கென்று வெடி கொளுத்துவதும், தோற்றவர் எல்லாம் போயிற்று என்று குந்துவதும் ஒரே அறியாமையின் இரண்டு பக்கம். பத்து வருடம் ஆட்சியில் வைத்திருந்தால் சொந்தம் என்ற வாதமும் தனியார் காணிக்கு மட்டுமே ஓடும். அரச காணிக்கு எதிராக அது செல்லாது. போர்க்காலத்தில் ஆயுதக் குழுக்களால் தன் காணிக்கு வரமுடியாமற் போனவருக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து கழிக்க 2016இல் ஒரு விசேட சட்டமும் வந்தது.

இணக்கசபை இந்தப் பின்னலுக்கு ஓரளவு ஏற்ற அமைப்பு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. சட்டத்தரணி வாதாட இடமில்லை. மூன்று பேர் இருந்து கேட்பார்கள். ஒவ்வொரு தரப்பும் ஒருவரைத் தெரிவுசெய்யலாம், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவுசெய்வார்கள். தீர்ப்புச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. இணங்கினால் இணக்கப் பத்திரம், இணங்காவிட்டால் அதற்கொரு சான்றிதழ். சபைக்கு வரவேண்டிய விவகாரங்களில் அதைக் கொண்டுதான் நீதிமன்றப் படி ஏறலாம். பிழைக்கிற இடம் பெரும்பாலும் பத்திரத்தை எழுதுவதில். "எல்லை முன்போல் இருக்கும்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். எந்த முன்? ஆரின் முன்? கிழக்கு மூலைப் பாலைமரத்திலிருந்து கிணற்றுக்கட்டு வரை இத்தனை அடி, வேலி எந்தத் திகதிக்கு முன் மாறவேண்டும், நில அளவையாளரின் கூலி ஆர் எவ்வளவு, வாய்க்கால் அகலம் எத்தனை சாண் என்று எழுதினால்தான் ஒரு நூல் கழரும். பெர்மிற்றில் பெயர் மாற்றும் அதிகாரம் சபைக்கு இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடவேண்டும். அந்த நூல் பிரதேச செயலகக் காணிக் கிளையில் தனியாக எடுக்கவேண்டியது.

எங்கே போடக்கூடாது

சொல் நல்லதென்று கண்ட இடத்தில் போடமுடியாது. கைபேசி மொழிபெயர்ப்பில் இப்போது நிறங்கள் பிணங்குகின்றன, மருந்துகள் பிணங்குகின்றன, மென்பொருளும் பிணங்குகிறது. நாதஸ்வரமும் ஒத்தும் விலகினால் சுருதி சேரேல்லை என்போம். சேலைக்குச் சட்டை எடுபடேல்லை. மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளேல்லை. ஆணியும் மரையும் பொருந்தேல்லை. இவற்றில் ஒன்றுக்கும் மற்றதைப் பற்றிய நினைப்பு இல்லை. பிணங்க இரண்டு பக்கத்திலும் மனம் வேண்டும், அல்லது குறைந்தது கதிருக்கு இருக்கிற மாதிரி ஒரு பாரமாவது வேண்டும்.

சட்டமொழியில் நாங்கள் தெரிந்தெடுத்தது அழகாகவே அமைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் தொழில் தகராறு என்பதை இலங்கையில் 1950ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தொழிற் பிணக்கு என்கிறது. முதலாளியும் தொழிலாளியும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பிணைந்து கிடப்பவர்கள். தகராறு என்றால் தெருவில் போகிற இரண்டு பேருக்குள்ளும் வரும். அதேவேளை யானைக்கும் ஊருக்கும் நடப்பதை மோதல் என்றே எழுதுகிறோம். யானை நடக்கிற தடத்தில் வயல், வயல் நடுவில் யானை நடக்கிற தடம். பிணக்கு என்று எழுதியிருந்தால் வேலி போடுமுன் யாராவது தடத்தைப் பார்த்திருக்கலாம்.

குறள் தன் கடைசி மூன்று அதிகாரங்களையும் புலவிக்கும் ஊடலுக்கும் விட்டிருக்கிறது என்பதைத் தமிழாசிரியர்கள் சொல்லித் தந்திருப்பார்கள். ஊடலுக்கு உரிமை வேண்டும். உரிமை இல்லாத இடத்தில் ஊடினால் பைத்தியம் என்பார்கள். பிணக்கும் அந்த வீட்டுச் சொல்தான். இன்று வினை மெல்ல மறைந்து பெயர் மட்டும் படிவங்களில் மிஞ்சுகிறது. "என்னோட ஏன் பிணங்கிறாய்?" என்று கேட்கிற குரல் குறைந்துவிட்டது, "பிணக்கின் தன்மை" என்ற கட்டத்தை நிரப்புகிறவர் கூடிவிட்டார்.

பாடசாலை மண்டபத்தில், எழுதியவர் கடைசியில் பகையை வெட்டி மேலே பிணக்கு என்று எழுதினார். வேலி பழைய கிளுவைக் குழிக்கே போகவேண்டும், செலவு ஆளுக்குப் பாதி. வாய்க்கால் இரண்டு சாண், மாரிக்கு முன் இருவரும் சேர்ந்து வெட்டவேண்டும். இவ்வளவும் இரண்டாம் ஞாயிறு முடிந்துவிட்டது. முருங்கையைப் பற்றித்தான் ஒன்றும் எழுதவில்லை. "மரம் உங்கட, காய் எங்கட பக்கம்" என்று தங்கச்சி தொடங்க, "முந்தி நீ கேட்டோ பிடுங்கினனி?" என்று அக்கா திரும்ப, மூன்று பேரும் பேனையை மூடிவிட்டு அடுத்த ஞாயிறு வரச் சொன்னார்கள். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போனார்கள்.